பஞ்சுக் கிட்டங்கியில் நான் செத்துக் கிடந்த பிற்பகல்

எனக்குச் சாகத் தெரியாது. தத்துவமாகச் சொல்லவில்லை. பட்டப்பகலில், ஓர் அதிகாரியின் முன்னிலையில் முறைப்படி முயன்று பார்த்துத் தோற்றுப்போன அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஜீவ மித்திரர் சங்கத்தின் வரலாற்றை அண்மையில் சிறு புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் 'யுத்தகாலப் பணிகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி வருகிறது: 'வண்டியூரில் விமானத் தாக்குதல் பாதுகாப்பு ஒத்திகை நடைபெற்றது.' ஆமாம், நடைபெற்றது. கப்பல் மூழ்கிப்போனால்கூடப் பயணம் நடைபெற்றது என்று எழுதலாம்தானே.

சங்கம் பிறந்தது ஒரு சித்திரைத் திருவிழாவில். வைகை மணலில் கூட்டத்துக்கு நடுவே ஓர் அம்மாள் மயங்கி விழ, சுற்றி நின்ற நாற்பது பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்களாம். தண்ணீர் கொண்டுவர ஒருவரும் போகவில்லை. அதற்கு வெட்கப்பட்ட நான்கு பேர் மறுவாரமே தெற்கு வாசல் பக்கம் ஒரு மாடி அறையைப் பிடித்துச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கம்பவுண்டர் காதர் பாய். கட்டுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கட்டுப் போட்டால், அடிபடாதவனுக்குக்கூட அடிபட்டது போன்ற மரியாதை வந்துவிடும்.

பிறகு ஊரில் வாந்திபேதி வந்தது. சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களைச் சங்கத்துக்காரர்கள்தான் சுமந்தார்கள். சுடுகாட்டுக்கும் இடுகாட்டுக்கும் கொண்டுபோவதற்கு முன், வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டி வயல்வெளியில் முன்பு பஞ்சு மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியில் அவற்றை வரிசையாகக் கிடத்தி வைப்பார்களாம். மகத்தான சேவைதான். ஆனால் அதற்குப் பின் காக்கி அரைக்கால்சட்டையும் மூங்கில் தூக்குப்படுக்கையுமாகச் சங்கத்து ஆட்கள் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், படபடவென்று கதவுகள் சாத்தும் சத்தம் கேட்கும். ('சங்கத்தாளுக வாராக' என்று சொன்னால் எங்கள் தெருவில் அழுகிற பிள்ளை வாயை மூடும். எங்கள் சேவையில் அதுவும் ஒன்று.)

நான் சேர்ந்தது வாந்திபேதிக்கெல்லாம் வெகு நாள் கழித்து. மேலமாசி வீதியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. சகுனம், பேய், பிசாசு எதையும் நம்பாதவன் என்று தினம் ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சேவை மனப்பான்மையினால் சேர்ந்தேன் என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். உண்மையில், சேர்ந்தால் கழுத்தில் தொங்கவிட ஒரு விசில் கொடுத்தார்கள்.

யுத்தம் வந்தது. பர்மாவில் குண்டு விழுந்தது. மதுரையைச் சுற்றிய ஊர்களிலிருந்து ரங்கூனுக்குப் பிழைக்கப் போன ஆண்களில் சிலர் காடு மலை நடந்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். பலரைப் பற்றித் தகவலே இல்லை. மதுரையிலும் குண்டு விழலாம், ஒத்திகை நடத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து சங்கத்துக்கு உத்தரவு வந்தது. காதர் பாய் இடம் தேடினார். இடிந்த கட்டடமாக இருக்கவேண்டும், ஆட்கள் இருக்கக்கூடாது. அந்தப் பஞ்சுக் கிட்டங்கியைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்?

குண்டடி பட்டவர்களாகப் படுக்க ஆறு பேர் தேவை. ஒவ்வொருவர் மார்பிலும் என்ன காயம் என்று ஓர் அட்டை தொங்கவேண்டும். அட்டைகளை அச்சடிக்கும் பொறுப்பும், ஒத்திகை பற்றி வண்டியூர் மக்களுக்கு முன்கூட்டியே துண்டு நோட்டீஸ் கொடுக்கும் பொறுப்பும் என்னுடையவை. 'லேசான காயம்', 'பலத்த காயம்' எல்லாம் சாதாரணமாக வந்தன. 'மரணம்' என்ற அட்டையில்தான் என் கலைமனம் விழித்துக்கொண்டது. கருமாதிப் பத்திரிகைக்கு வைத்திருக்கும் தடித்த எழுத்தை எடுத்தேன்; சுற்றிலும் விரற்கடை அகலத்துக்குக் கறுப்புக் கட்டம் போட்டேன். கைப்பழக்கத்தில் உச்சியில் 'சிவமயம்' என்றும் கோத்துவிட்டேன். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்ததால், ஒன்றே ஒன்று போதும் என்ற இடத்தில் ஐம்பது அடித்தேன்.

காதர் பாய் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"குண்டு விழுந்து செத்தவனுக்கு எதுக்குத் தம்பி சிவமயம்? நான் செத்துப்போனா எனக்கும் இதையா மாட்டுவீக?"

"அழகா இருக்குல்ல பாய்?"

"யா அல்லாஹ்" என்றார் பாய். அட்டையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அந்த அட்டையை மாட்டிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. சைக்கிள் கடை இருளப்பன், என் உயிர்த்தோழன், அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான். "மாப்ள, எனக்கு இப்பத்தான் பொண்ணு பாத்திருக்காக. இதைக் கழுத்துல மாட்டுனேன்னு தெரிஞ்சா சம்பந்தமே போயிரும்."

"கொடுங்கடா இப்படி" என்று வாங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சங்கமே என்னைப் பார்த்தது. விசில் வாங்கிய நாளுக்குப் பின் அவ்வளவு பெருமையாக நான் உணர்ந்ததில்லை.

இந்தப் பெருமையில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. வண்டியூரில் கொடுக்கவேண்டிய நோட்டீஸ் கட்டு, கட்டுக்கூடப் பிரிக்காமல், அச்சகத்தில் என் நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது.

ஒத்திகையன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. அதுதான் அபாய அறிவிப்பு. அதற்குள் இருளப்பன் என்னைத் தயார்ப்படுத்தியிருந்தான். முகத்தில் அரிசி மாவு பூசினான். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரை ரத்தமாகத் தலையில் ஊற்றினான். பிறகு, "எல்லாம் முறைப்படி இருக்கணும் மாப்ள" என்று மூக்கில் பஞ்சை அடைத்து, கால் கட்டைவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டினான். கிட்டங்கியின் கடைசி அறையில், தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று என்னைப் படுக்கவைத்து, தலைமுதல் கால்வரை வெள்ளை வேட்டியால் மூடினார்கள்.

"காயம்பட்டவங்களைத்தான் மொதல்ல தூக்குவோம். செத்தவன் கடைசி" என்றார் காதர் பாய். "உசிரே போனாலும் அசையக்கூடாது."

"செத்தவனுக்கு எங்க பாய் உசிரு போறது?" என்று வேட்டிக்குள்ளிருந்து கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. காலடிச் சத்தங்கள் விலகிப் போயின.

முதல் பத்து நிமிடம் சுகமாக இருந்தது. முன்னறைகளில் ஓடும் சத்தம், "தூக்கு, தூக்கு" என்ற சத்தம், ஒத்திகையைப் பார்வையிட வந்த அதிகாரியின் இருமல் எல்லாம் கேட்டன. பிறகு காயம்பட்ட ஐந்து பேரையும் வெளியே கொண்டுபோய்விட்டார்கள். கட்டுகளைப் பற்றி அதிகாரி ஏதேதோ கேட்க, பாய் விளக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கிட்டங்கி அப்படியே அடங்கிப்போனது.

வேட்டிக்குள் இருக்கும் வெளிச்சம் ஒரு மாதிரியானது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எல்லாப் பக்கமும் பால் போல நிற்கும். மூக்கில் பஞ்சு இருந்ததால் வாயால்தான் மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் துணி உதட்டில் ஒட்டி ஒட்டி விலகியது. தரை அந்த வெயில் காலத்திலும் சில்லென்று இருந்தது. வாந்திபேதிக் காலத்தில் இதே அறையில், இதே தரையில், இதே போல வேட்டி மூடி எத்தனை பேர் கிடந்திருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன். (அதுவரை நினைக்காமல் இருந்தது என் பகுத்தறிவு. அது அப்போது என்னைத் தனியே விட்டுவிட்டு வெளியே போயிருந்தது.) எனக்கு இடப்பக்கம் ஓர் ஆள் கிடப்பதுபோலத் தோன்றியது. வலப்பக்கமும். திரும்பிப் பார்க்கலாம், ஆனால் அசையக்கூடாது. அசையக்கூடாது என்ற உத்தரவுக்கு அப்போது நான் நன்றியோடு இருந்தேன்.

அப்போது யாரோ என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

நடந்து வந்த சத்தமே இல்லை. சேலை உரசும் ஓசையும் ஒரு நீண்ட மூச்சும் மட்டும் கேட்டன.

"வந்துட்டீகளா" என்றது ஒரு பெண் குரல்.

அழுகை இல்லை. வெளியூர் போய் வந்தவரைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்ட குரல். வாந்திபேதியில் இங்கே கிடந்தவர்களில் ஒருத்தி என்றே நினைத்தேன்.

"ரங்கூன்ல இருந்து ரயில்ல கொண்டாந்து இங்கன கிடத்தியிருக்காகன்னு சொன்னாக. ரத்தமும் கட்டுமா ஒவ்வொருத்தரா வெளிய தூக்குறதை வயக்காட்டுல இருந்து பாத்தேன். உங்களைத்தான் காணோம். பின்னாடி சுவரு இடிஞ்சிருக்கு, அது வழியா வந்தேன்."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பேய்ப்பயம் போய், அதைவிடப் பெரிய பயம் வந்தது. நாற்காலிக்கு அடியில் கிடந்த நோட்டீஸ் கட்டு கண்முன் நின்றது.

அந்த அம்மாள் வேட்டியை விலக்கவே இல்லை. விலக்கியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "முகத்தப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, செத்த நேரம் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுச் செய்திகளைச் சொல்ல ஆரம்பித்தாள். கிடேரி கன்று போட்டது. சின்னவளுக்குப் பல் விழுந்து முளைத்தது. மேற்குச் சுவர் மழையில் சாய்ந்தது. "நடந்து வந்தவுகளுக்கெல்லாம் வழியில சோறே இல்லையாமே. நீங்க பசி தாங்க மாட்டீகளே" என்றபோதுதான் குரல் லேசாக உடைந்தது.

நான் எழுந்தால் அந்த இடத்திலேயே பயத்தில் செத்துப்போவாள். எழாவிட்டால் புருஷன் போய்விட்டான் என்று வீடு திரும்புவாள். எது குறைந்த பாவம் என்று நான் வேட்டிக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல் ஒன்று தரையில் மோதி உடைந்த சத்தம். தொடர்ந்து இன்னொன்று.

என் அட்டைக்காக, என் கறுப்புக் கட்டத்துக்காக, ஒரு பெண் தன்னை விதவையாக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் அவரில்லைம்மா" என்றேன்.

மூக்கில் பஞ்சோடு ஒருமுறை இதைச் சொல்லிப் பாருங்கள். கிணற்றுக்கு அடியிலிருந்து யாரோ பேசுவதுபோல வந்தது.

அவள் அலறவில்லை. ஓடியும் போகவில்லை.

"பின்ன யாரு?"

"நான்... நான் சங்கத்து ஆளு."

"செத்தவுகளுக்கும் சங்கம் இருக்கா?"

காதர் பாய் சொல்லிக்கொடுத்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. நான் வாயைத் திறக்குமுன் ஒரு கை என் பாதத்தைத் தொட்டது. விரல்கள் கணுக்காலைச் சுற்றிப் பிடித்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு அந்தக் குரல் இன்னும் தாழ்ந்து, கிட்டே வந்தது.

"அப்ப ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. வீரணன்னு பேரு. வலது புருவத்துல தழும்பு இருக்கும். நீங்க இருக்கற எடத்துல எங்க வீட்டுக்காரர் இருக்காகளா?"

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது, இன்னும் இறுக்கினேன். என்ன சொன்னாலும் பொய். பேசாமல் இருந்தாலும் பொய். கடைசியில் என்னை அறியாமல் வாய் சொல்லிவிட்டது.

"இல்லம்மா. இங்க இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். இங்க வரல."

ஒரு பெருமூச்சு. சேலை உரசியது. போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. ஓடிப்போய்ப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று துள்ளி எழுந்தேன். கட்டைவிரல்கள் கட்டியிருந்தது நினைவில்லை. குப்புற விழுந்து, எழுந்து, வேட்டியைப் போர்த்தியபடி, தவளை மாதிரித் தத்தித் தத்தி வாசலுக்கு வந்தேன். முகத்தில் மாவு, தலையில் ஆரத்தி, மூக்கில் பஞ்சு. "அந்தம்மாவைப் பிடிங்க! பிடிங்க!" என்று கிணற்றடிக் குரலில் அலறினேன்.

சரியாக அந்த நேரத்தில் இருளப்பன் தலைமையில் தூக்குப்படுக்கைக் கோஷ்டி என்னைத் தூக்க உள்ளே வந்தது. பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு அதிகாரி.

தன் கையாலேயே என் மூக்கில் பஞ்சை அடைத்த இருளப்பன், "ஆத்தாடி!" என்று தூக்குப்படுக்கையைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் ஓடியதில் அடுத்தவர் ஓடினார். வெளியே லேசான காயமும் பலத்த காயமும் கட்டுகளோடு எழுந்து வயலில் இறங்கின. அதிகாரி மணல் வாளியில் கால் இடறி விழுந்து எழுந்து, தன் வண்டிக்காரருக்கு முன்னால் வண்டியில் ஏறியிருந்தார். அன்று நிஜமாகவே கால் சுளுக்கியவர்கள் மூன்று பேர். ஒத்திகையில் உண்மையாகப் பயன்பட்ட கட்டுகளும் அவர்களுக்குப் போட்டவை மட்டும்தான்.

அசையாமல் நின்றவர் காதர் பாய் ஒருவரே. உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. ஓதி முடித்துவிட்டுச் சொன்னார்: "உசிரே போனாலும் அசையக்கூடாதுன்னு சொன்னேனே தம்பி."

நடந்ததைச் சொன்னேன். நோட்டீஸ் கட்டையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கால்கட்டை அவிழ்த்துவிட்டு, "காலையில ரெண்டு பேரும் போயி உள்ளதைச் சொல்லிட்டு வருவோம்" என்றார்.

மறுநாள் காலை வண்டியூரில் வீரணன் வீட்டை விசாரித்துப் போனோம். அந்த அம்மாளின் பெயர் பேச்சியம்மாள். வீட்டுக்கு முன் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையில் புது வளையல்கள்.

"அம்மா, நேத்து கிட்டங்கியில படுத்திருந்தது நான்தான். நான் சாகல. எனக்கு உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. மன்னிச்சிருங்க" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தேன்.

பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியுமே" என்றாள். "காலைத் தொட்டுப் பாத்தேன்ல. சுட்டுச்சு."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"ஊருல யாரைக் கேட்டாலும் தரையப் பாக்குறாக. போயிட்டாகன்னு சொல்லவும் மாட்டேங்கிறாக, இருக்காகன்னு சொல்லவும் மாட்டேங்கிறாக. செத்தவுக எடத்துல இல்லேன்னு யாராச்சும் ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. நீங்க சொன்னீக. ராத்திரி தூங்குனேன்."

நான் தரையைப் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பது?

பக்கத்தில் இருந்த ஒரு பெண் முன்னால் நகர்ந்தாள். "எம் மகன் பேரு கருப்பையா. அவனையும் இல்லேன்னு சொல்லுங்கய்யா." இன்னொருத்தி தன் அண்ணன் பெயரைச் சொன்னாள். அவனியாபுரத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி இரண்டு பெயர் சொன்னாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அந்தக் கிட்டங்கியில் வேட்டிக்குள் வராத பயம் அந்தக் காலை வெயிலில் வந்தது.

"சொல்ல மாட்டான்" என்றார் காதர் பாய். "அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா தேடிப் பாத்துச் சொல்றோம்." என்னிடம் திரும்பினார். "தம்பி, எழுத எதாச்சும் இருக்கா?"

சட்டைப்பையில் இருந்தவை மிச்ச அட்டைகள்தான். வேறு காகிதம் இல்லை. கறுப்புக் கட்டத்தைக் கீழே கவிழ்த்து, வெற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு பெயராக எழுதினேன்: ஆள் பெயர், வேலை பார்த்த இடம், உடம்பில் அடையாளம். எழுதும்போது எந்த அட்டையும் தப்பித் திரும்பிவிடக்கூடாதே என்று கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அன்று தொடங்கியதுதான் சங்கத்தின் தேடல் வேலை. முகாம்களுக்குக் கடிதம் போட்டோம். ரயிலடியில் நின்று வந்து இறங்குகிறவர்களிடம் பெயர்களைப் படித்தோம். சிலர் கிடைத்தார்கள். கருப்பையா ஒரு மாசி மாதம் தானே நடந்து வந்து வீட்டு வாசலில் நின்றான். பலர் இறந்த செய்தி வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சொல்வது பாயின் வேலை. வீரணன் பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை, இருந்தவர்களிலும் இல்லை, இறந்தவர்களிலும் இல்லை. பேச்சியம்மாள் சங்கத்து மாடி அறைக்கு வாராவாரம் வந்து, புதிதாக வரும் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பாள். கடைசிவரை வளையல் போட்டிருந்தாள்.

இருளப்பன் என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றபோது இந்தக் கதையை என் மனைவி விசாலத்திடம் சொல்லித் தொலைத்தான். அதோடு என் மானம் போயிற்று. வீட்டில் எது காணாமல் போனாலும், மூக்குக்கண்ணாடியோ, பெட்டிச் சாவியோ, பால் செம்போ, "அப்பாவைப் படுக்கப் போட்டுக் கேளுங்கடா, அங்க இருக்கா இல்லையான்னு சொல்லுவாக" என்பாள் விசாலம். பிள்ளைகள் வேட்டியோடு ஓடி வருவார்கள். நானும் படுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இங்க இல்லம்மா" என்பேன். வீடே சிரிக்கும். இப்போது பேரன் பேத்திகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஒரே ஒருமுறை சிரிக்கவில்லை. இளைய மகன் வேலை தேடி வடக்கே போய், நாற்பது நாளாகக் கடிதம் இல்லாமல் இருந்தபோது, ஒரு நாள் மத்தியானம் விசாலம் ஒன்றும் பேசாமல் கூடத்தில் பாயை விரித்தாள். வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் படுத்தேன். அவளே தலைவரை மூடினாள். அதே பால் வெளிச்சம். பாய்க்கு அடியில் அதே சில்லென்ற தரை. அவள் கை என் பாதத்தைப் பிடித்திருந்தது.

"அங்க இருக்கானா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக்கூடாது என்று காதர் பாயிடம் படித்தவன் நான்.

"இல்ல" என்றேன்.

"நல்லாப் பாத்தீகளா?"

"பாத்துட்டேன். இல்ல."

கொஞ்ச நேரம் காலைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு எழுந்து, உலை வைக்கப் போனாள். நான் வேட்டியை விலக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன், நிஜமாகவே ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று.